பார்த்துக்கிட்டே இருப்போம்

அக்டோபர் 18, 2024

லேப்பிலிருந்து மறுபடியும் போன். இந்த முறை புதுப் பையன். "மேடம், கவுண்ட் ரொம்ப அதிகமா காட்டுது, உடனே பெரிய டாக்டரைப் பாருங்க" என்று பதறுகிறான். "தெரியும்ப்பா, சி.எல்.எல்., சீட்டுலயே எழுதியிருக்கு பாரு" என்றேன். சி.எல்.எல். என்றால் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் மெல்ல மெல்லப் பெருகும் ஒரு ரத்தப் புற்றுநோய். போன வருஷம் இதே மாதிரி போன் வந்தபோது அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு அவனுக்கு நான் ஆறுதல் சொல்லி வைக்கிறேன்.

மொத்த வெள்ளையணு 45,200. அதில் லிம்போசைட் 86 சதவீதம். ஹீமோகுளோபின் 12.1. பிளேட்லெட் 1.84 லட்சம். கீழே வழக்கம்போல 'ஸ்மட்ஜ் செல்கள் உள்ளன'. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை இழுக்கும்போதே நசுங்கிப்போகிற நோஞ்சான் அணுக்கள். இவ்வளவு நோஞ்சானாக இருந்துகொண்டு, சாக வேண்டிய நேரத்தில் மட்டும் சாக மாட்டேன் என்கின்றன.

அக்டோபர் 19

ஏப்ரலில் லிம்போசைட் 31,200. இப்போது 38,900. பரணில் கிடந்த லாகரிதம் புத்தகத்தை எடுத்தேன். இரண்டுக்கும் லாக் வித்தியாசம் 0.0957. இரண்டின் லாக் 0.3010. வகுத்து ஆறால் பெருக்கினால் கிட்டத்தட்ட 19. இதே வேகத்தில் போனால் இரட்டிப்பாக 19 மாதம். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால்தான் மருந்துப் பேச்சே. "இதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று கேட்ட பிள்ளைகள் எல்லாம் வந்து பார்க்கட்டும்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "டியூஷன் எடுக்கப் போறியா?" என்றார்.

அக்டோபர் 21

தஞ்சாவூர். தாடைக்கு அடியில், அக்குளில், இடுப்பு மடிப்பில் டாக்டர் விரல்களை உருட்டிப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொல்லி இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். மண்ணீரல் தட்டுப்படவில்லை. நிலை 1 தான். கழுத்தில் நெறி கட்டியிருப்பதால் 1. அதுவும் இல்லாவிட்டால் 0. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் 3, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் 4. இதை 1975-ல் வகுத்துக் கொடுத்தவர் ஜோத்பூரில் பிறந்த காந்தி ராய் என்ற டாக்டர். ஸ்கேன்கூட வேண்டாம். விரலும் ரத்தச் சீட்டும் போதும். மனுஷன் நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளை மனதில் வைத்துச் செய்த மாதிரி இருக்கிறது.

"பார்த்துக்கிட்டே இருப்போம்." மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அக்டோபர் 31

தீபாவளி. நாத்தனார் வாசலிலேயே, "என்ன அண்ணி, இளைச்சுட்டீங்களே!" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர்கள் கிளம்பியதும் எடை மெஷினில் ஏறினேன். 58.4. போன மாதம் 58.9. ஆறு மாதத்தில் பத்து சதவீதம் குறைந்தால்தான் நோய்க் கணக்கில் சேரும். அதிரசம் சாப்பிட்டுவிட்டு இன்னொரு முறை ஏறினேன்.

நவம்பர் 9

கொசு. சாதாரணக் கொசுதான். ஆனால் கடித்த இடம் இரண்டு அங்குலத்துக்குத் தடித்து, நடுவில் நீர்க் கொப்புளம். இந்த நோய்க்காரர்களுக்குப் பூச்சிக்கடி இப்படி எகிறுவது உண்டு என்று டாக்டர் போனில் சொன்னார். கும்பகோணத்தில், ஐப்பசி மாதத்தில், கொசு கடிக்காமல் இருக்க வேண்டுமாம்.

நவம்பர் 27

விடிய விடிய மழை. வயல்களில் தண்ணீர் நிற்கிறதாம். இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மூன்று மணிக்கு முழித்தால் முதுகெல்லாம் வேர்வை. மின்விசிறி நின்ற வேர்வையா, நோயின் 'அந்த' வேர்வையா? 'அந்த' வேர்வை என்றால் நைட்டியைப் பிழியலாம், தலையணை உறையை மாற்ற வேண்டிவரும். எழுந்து டார்ச் அடித்துத் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் மாதிரியும் இருந்தது, குளிர்ச்சி மாதிரியும் இருந்தது. அவரை எழுப்பி, "உங்களுக்கு வேர்க்குதா?" என்று கேட்டேன். "வேர்க்குது, படு" என்றார். ஐம்பது தடவை கழுத்தை நீட்டலாம் இந்த மனுஷனுக்கு.

டிசம்பர் 1

புயல் நேற்றிரவே கரையேறிவிட்டது. கழுத்தில் இடது பக்கம் அதே புளியங்கொட்டை அளவு.

டிசம்பர் 2

தொட்டுக்கொண்டே இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று மகள் திட்டுகிறாள்.

டிசம்பர் 15

சளி, காய்ச்சல் 101. மற்றவர்களுக்கு மூன்று நாள். எனக்கு உடனே ஆன்டிபயாடிக். கோடிக்கணக்கில் வெள்ளையணு இருந்தும் முக்கால்வாசி வேலைக்கு உதவாது. அவை ஒரே அணுவின் நகல்.

டிசம்பர் 26

நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்களோ. பப்பாளி இலையை அரைத்து எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்து, "ஒரே மடக்குல குடிச்சிருங்க அண்ணி" என்று எதிரே நின்றாள். குடித்தேன். கசப்பு தொண்டையை விட்டுப் போகவே இல்லை. போகும்போது படியில் நின்று அழுதாள். எனக்குத்தான் அழுகை வரவில்லை.

ஜனவரி 4, 2025

மகள் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். "வேற டாக்டரைப் பார்க்கலாம், ஏன் மாத்திரையே தரல?" என்று அதே சண்டை. ஜெர்மனியில் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே இப்ரூட்டினிப் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் முற்றுவது தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. ரத்தக்கசிவு, இதயப் படபடப்பு எல்லாம் கூடவே வந்தது. இதைச் சொன்னேன். எனக்கு 13-வது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது, அது காணாமல் போவது நல்ல சகுனம், 17-ல் போனால்தான் கஷ்டம் என்பதையும் சொன்னேன். "கேன்சரை வெச்சுக்கிட்டு சும்மா இருன்னா எப்படிம்மா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. முருங்கைக்காய் சாம்பார் வைத்தேன்.

ஜனவரி 18

லிம்போசைட் 44,800. கணக்குப் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். போட்டேன். 19 மாதம் இப்போது 15-க்கும் கீழே. ஹீமோகுளோபின் 11.8. சாப்பாடு இறங்கவில்லை. லேப் பையன் இந்த முறை போனே பண்ணவில்லை. பண்ணியிருக்கலாம்.

ஜனவரி 20

லிம்போசைட் எண்ணிக்கையைப் புள்ளி வைத்துக் கோடாக வரைந்த தாளை டாக்டரிடம் காட்டினேன். சிரிக்காமல் முழுதாகப் பார்த்தார். காய்ச்சலுக்கு அப்புறம் எடுத்த புள்ளியை நம்பாதீர்கள், ஒரு புள்ளிக்காக மருந்து ஆரம்பிக்க மாட்டேன், ஆறு வாரத்தில் மறுபடி எடுங்கள் என்றார். மூன்று மாதம் ஆறு வாரமாகிவிட்டது. இதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கி வராமலிருக்க ஊசி போடச் சொன்னார். உயிருள்ள கிருமி இல்லாத ரகம், இரண்டு தவணை. விலையைக் கேட்டு என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜனவரி 24

ஊசி போட்டாச்சு. கையைத் தூக்க முடியவில்லை. இரவு 99.8. ஊசிக்கும் வருமாம்.