தம்பியின் அப்பீலும் இரண்டு புள்ளடிகளும்

இரவில் ஒருவரை அடித்ததாக ஜூரி (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவெடுக்கும் பொதுமக்கள் குழு) குற்றவாளி என்று சொல்லி, மறியலில் இருந்த தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை. இப்போதுதான் இருந்து எழுத மனம் வருகிறது. சிட்னியில் எங்களைப் போல ஜூரித் தீர்ப்புக்கு எதிராக அப்பீலுக்குப் போக நிற்கும் குடும்பங்களுக்காக இது.

அப்பீலுக்குப் போகப் போகிறோம் என்று 28 நாளுக்குள் கொடுக்க வேண்டிய அறிவித்தல் சிக்கலில்லாமல் போனது. பிணை கிடைக்கவில்லை. அப்பீல் நேரத்தில் பிணை கேட்பதென்றால் விசேடமான காரணம் காட்ட வேண்டும். எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை.

நான் மினக்கெட்டது வேறு விஷயத்தில். கோயில் ஐயரிடமும் தம்பியின் முதலாளியிடமும் நற்சான்றுக் கடிதம், அன்றிரவு அவனைக் கண்ட கூட்டாளியிடம் சத்தியக் கடதாசி என்று ஓடி ஓடிச் சேர்த்தேன். அப்பீலில் எங்களுக்காக வாதாடும் பாரிஸ்டர் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டார். ஜூரியின் முடிவு நியாயமற்றது என்று வாதாடும்போது, ஜூரிக்கு முன்னால் வைத்த சாட்சியம் மட்டும்தான் கணக்காம். புதுச் சாட்சியம் என்றால் அது வேறு வாதம். ஜூரிமார் காரணமும் சொல்வதில்லை. முழுச் சாட்சியத்தையும் பார்த்தால், சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றவாளி என்று முடிவெடுக்க அவர்களுக்கு இடமிருந்ததா? 1994 இல் உயர் நீதிமன்றம் (ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம் அதுதான்) வகுத்த கேள்வி இதுதான். அப்பீல் நீதிபதிகள் தாங்களே எல்லாவற்றையும் வாசித்துத் தீர்மானிப்பார்கள். அதனால் ட்ரான்ஸ்கிரிப்ட்தான், அதாவது விசாரணையில் பேசியதை அப்படியே எழுதிய பதிவுதான், உயிர்.

தம்பியை அடையாளம் காட்டியது ஒரேயொரு ஆள், முன்பின் தெரியாதவர், இரவு நேரம். குறுக்கு விசாரணையில் வரைபடத்தைக் கொடுத்து, எங்கே நின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ட்ரான்ஸ்கிரிப்டில் அவருடைய பதில்: "இங்கே." அடித்தவன்? "இங்கே." அவ்வளவுதான். பேனையால் புள்ளடி போட்ட அந்தப் படம் இல்லாமல் தூரம் யாருக்குத் தெரியும்?

அது எங்கள் பக்கம் கொடுத்த சான்று. வழக்கு முடிந்த பிறகு அது எங்கள் முதலாவது லோயரின் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தது. அரைநாள் லீவு போட்டுப் போனேன். எல்லாம் அனுப்பியாச்சு என்றார் அங்கிருந்த கிளார்க். இரண்டாம் தரம் ஒரு படத்தை மடித்துக் கையில் தந்தார். ரயிலில் விரித்துப் பார்க்கிறேன், வெறும் படம், ஒரு புள்ளடியும் இல்லை. வென்ட்வொர்த்வில் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். மூன்றாம் தரம் சான்று இலக்கத்தை எழுதிக்கொண்டு போய், பெட்டியை என் கண் முன்னால் திறக்கச் சொன்னேன். புகைப்பட அல்பத்துக்குள் செருகிக் கிடந்தது, நீல மையில் இரண்டு புள்ளடிகளோடு. ஆகவே 'வரைபடம்' என்று கேட்காதீர்கள், இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பாரிஸ்டர் அடிமட்டம் வைத்து அளந்தார்: 46 மீற்றர்.

சாட்சியைப் பொய்யர் என்று சொல்லும்படி நச்சரித்தேன். மறுத்துவிட்டார். 2020 இல் கத்தோலிக்க மதத் தலைவர் கார்டினல் பெல்லின் அப்பீல் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னதைக் காட்டினார்: ஜூரி ஒரு சாட்சியை முழுமையாக நம்பியிருந்தாலும், மற்றச் சாட்சியங்கள் நியாயமான சந்தேகத்தை எழுப்புகின்றனவா என்று பார்க்க வேண்டும். நேர்மையான மனிதரும் இருட்டில் ஆள் மாறிக் காணலாம். அந்த வழிதான் எங்களைக் காப்பாற்றியது.

மூன்று நீதிபதிகள், அரைநாள் விசாரணை. தீர்ப்புக்கு மூன்று மாதம் காத்திருந்தோம். மறுவிசாரணைகூட இல்லை, நேரே விடுதலை. தீர்ப்பில் அந்தப் படத்துக்கென்றே ஒரு பந்தி இருக்கிறது. 14 மாதத்துக்குப் பிறகு, அன்று பின்னேரமே தம்பி வெளியே வந்தான்.