குறுக்குத்துறைக் கணக்கு

தீயணைப்பிலும் பேரிடர் மேலாண்மையிலும் கழிந்த 32 ஆண்டுகளைப் பற்றி நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதும்படி செயலாளர் கேட்டபோது, கொழுந்துவிட்டெரியும் கட்டடங்களின் கதையைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். எனக்கோ முதலில் நினைவுக்கு வந்தது, தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படியில் முழங்கால் நனைய நின்ற நம் சாரணர் ஆசிரியர்தான்.

முகாம் நாட்களில் பாளையங்கோட்டையிலிருந்து எங்களைத் தாமிரபரணிக்குக் குளிக்க அழைத்துச் செல்வார். இறங்குமுன் வரிசையில் நின்று அவரவர் எண்ணைச் சொல்ல வேண்டும். கரையேறியதும் மறுபடி சொல்ல வேண்டும். ஒருநாள் 26-உடன் குரல் நின்றுபோயிற்று. ஆசிரியர் பதறி ஆற்றில் குதிக்கவில்லை. ஊதலை ஊதி எல்லாரையும் வாய்மூடச் செய்து, விடுபட்டவன் யார், அவனைக் கடைசியாகப் பார்த்தவன் யார், எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த 27-ஆம் பையன் ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயில் மண்டபத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தான். "ஏல, எனக்கு உசுரு போயி உசுரு வந்துட்டுல" என்று மட்டும் சொன்னார். அடிக்கவில்லை என்பதுதான் எங்களுக்குப் பெரிய அதிசயம்.

அந்தப் பாடத்தை நான் உடனே கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். தீயணைப்போனாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஆடிக்காற்றில் நாங்குநேரிப் பக்கம் பனையோலை வீடுகள் பற்றியெரிந்தன. "ஆச்சி உள்ள இருக்கா" என்று யாரோ கத்தியதும், கத்தியவர் யார் என்றுகூடப் பாராமல் நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே ஓடினேன். ஆச்சியோ ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி புளியமரத்தடியில் நின்றிருந்தாள். என்னைத் தேடி இன்னொருவர் உள்ளே வர நேர்ந்தது. அவருக்குத் தோள் வெந்தது, எனக்கு இடது மணிக்கட்டில் தழும்பு. கேட்காமல் போனவன் வீரன் அல்லன், தேடப்பட வேண்டிய இன்னொரு ஆள் என்று நிலைய அலுவலர் அன்று கடிந்துகொண்டது நியாயமே.

பிறகு வளைகுடாவில் வேலை. அங்கே மூச்சுக்கருவி அணிந்து புகைக்குள் போகிறவர் தம் பெயர்த்தகட்டை வாசலில் இருக்கும் பலகையில் செருகிவிட்டுப் போக வேண்டும். உருளையில் எவ்வளவு காற்று, எத்தனை மணிக்கு உள்ளே போனார், எப்போது திரும்ப வேண்டும் என்று பலகைக்காரர் எழுதிக்கொள்வார். வந்தவர் தகட்டை உருவிக்கொள்வார். தகடு மிஞ்சியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்தபோது படித்துறைதான் கண்ணில் தெரிந்தது.

பன்னாட்டுப் பணியிலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் பெரிது. 1985-இல் மெக்சிகோவிலும் 1988-இல் ஆர்மீனியாவிலும் நிலநடுக்கத்துக்குப் பின் பல நாட்டுக் குழுக்கள் ஒருங்கிணைப்பின்றித் தடுமாறிய அனுபவத்திலிருந்தே, 1991-இல் ஐ.நா. சார்பில் 'இன்சராக்' என்னும் தேடல் மீட்பு ஆலோசனைக் குழு உருவாயிற்று. தேடி முடித்த கட்டடத்தின் சுவரில் சதுரம் வரைந்து, எந்தக் குழு, எந்த நாள், என்ன கண்டது என்று எழுதும் வழக்கம் அதன் நெறிமுறைகளில் உண்டு. மூன்று விநாடி நீளும் ஒற்றை ஊதல் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு அமைதி காக்க வேண்டும். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் அப்படி நின்றபோது, இடிந்த தங்கும் விடுதியொன்றின் மேலாளர் புழுதி படிந்த பதிவேட்டை நீட்டினார். எங்கள் கருவிகளெல்லாம் சேர்ந்து சொல்லாததை அந்த ஏடு சொல்லிற்று.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்ட திருச்செந்தூர் ரயிலில் சுமார் 800 பேர் என்று செய்தி ஓடியது. அவர்களில் ரயிலில் இருப்பவர் எத்தனை பேர், பக்கத்துப் பள்ளிக்குப் போனவர் எத்தனை பேர் என்றுதான் என் மனம் கூட்டிப் பார்த்தது. அன்றிரவு ஆழ்வார்திருநகரியிலிருந்து தங்கையின் அழைப்பு ஒருவாறு வந்து சேர்ந்தது. வீட்டில் எத்தனை பேர் என்றேன். "ஏழு பேருண்ணே, எல்லாரும் மாடியிலதான் இருக்கோம்." ஒவ்வொருவராகப் பேசச் சொன்னேன். ஆறு குரல் கேட்டது.

"அப்பா தூங்குதாவ. எழுப்பணுமாண்ணே?"

எழுப்பச் சொன்னேன்.