தறிச் சத்தம் போக மீதிச் சத்தம்

ஏப்ரல் 5

பழைய எலெக்ட்ரிக் கிதார் ஒன்று வாங்கினேன், ஸ்ட்ராட் வடிவம், மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் அதைச் சுற்றிய ஒரு காயிலும்). ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியில், கெயின் திருகைப் பாதி ஏற்றினாலே அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒன்று, அதற்கு மேல் ‘ஜ்ஜ்’ என்று இன்னொன்று. பக்கத்துக் குடோனில் எட்டுத் தறி ஓடுகிறது; சோமனூர்க்காரன் காதில் அது விழவே விழாது, இது விழுகிறது. ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை (கழுத்தில் உள்ள கட்டை) வாசித்தேன், அது 98 ஹெர்ட்ஸ், இரைச்சல் அதற்கு ஒரு இணுக்கு மேலே. நம்ம கரண்ட் 50, இரட்டிப்பு 100. ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, எந்த வழியாக உள்ளே வருகிறான் என்பதுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 7

சோக் போட்ட டியூப் லைட்டை அணைத்து, ஃபேன் ரெகுலேட்டரையும் நிறுத்தினேன். ‘ஜ்ஜ்’ பாதி போனது. புழுக்கத்தில் சட்டை ஒட்டிக்கொண்டது, அது வேறு.

ஏப்ரல் 9

பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 4 வரை கரண்ட் கட். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப்பில் சொருகினேன், குளம் மாதிரி அமைதி. நாலு மணிக்குக் கரண்ட் வந்து தறிகள் கிளம்பியதும் அதே குட்டி ஆம்ப்பில் ‘ம்ம்ம்’. அதற்கும் சுவர் பிளக்குக்கும் சம்பந்தமே கிடையாது. ஆக, காற்று வழியாகவே பிக்கப்பில் ஏறுகிறது, காயில் என்பது சுற்றிய கம்பிதானே. நாற்காலியோடு மெல்லச் சுற்றினால் ஜன்னல் பக்கம் திரும்பும்போது குறைகிறது, பீரோ பக்கம் திரும்பினால் எகிறுகிறது.

“கரண்ட் இல்லாதப்பத்தான் நல்லா வாசிக்கறே” என்றார் அம்மா.

ஏப்ரல் 12

பிக்கப்புகளைத் தாங்கும் முன்பக்கத் தகடான பிக்கார்டைக் கழற்றி உள்குழி முழுக்கத் தாமிர டேப் ஒட்டினேன். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் பசை இருப்பதால் மல்டிமீட்டர் பீப் அடிக்கவில்லை. ஒவ்வொரு சேர்ப்பிலும் ஒரு சொட்டு ஈயம் வைத்து, எல்லாவற்றையும் கிதாரின் கிரவுண்டு ஒயரோடு சேர்த்த பிறகு அடித்தது. டேப் ஓரம் பிளேடு மாதிரி, ஆள்காட்டி விரல் போச்சு. ‘ஜ்ஜ்’ ஏறக்குறைய செத்தது. ‘ம்ம்ம்’ அசையவில்லை! தாமிரம் மின்புலத்தைத்தான் தடுக்கும், 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு இந்த மெல்லிய தகடு கண்ணாடி ஜன்னல். ஒட்டும் முன்பே யோசித்திருக்கலாம்.

ஏப்ரல் 13

பெரிய ஆம்ப்பில் மட்டும் இன்னும் கூடுதலாக உறுமுகிறது, ஈரக்கையால் கம்பியைத் தொட்டால் சுறுசுறுவென்கிறது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போகும் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். போகும், சில சமயம் ஆளும் சேர்ந்து போகும். பிளக் பாயிண்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 142. ரெண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இதென்ன கணக்கு?

ஏப்ரல் 15

ஒயர்மேன் அண்ணன் வந்தார். கிதாரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“எர்த்துக் குழிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை நாளாச்சுங் தம்பி?”

அப்படி ஒரு குழி இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முருங்கை மரத்தடியில், சருகுக்குக் கீழே. மண் கட்டாந்தரை, கிளாம்ப்பில் ஒயர் துருப்பிடித்து ஒரு இழையில் தொங்கியது. வெட்டிச் சுரண்டிப் புது கிளாம்ப் போட்டு, கரியும் உப்பும் கொட்டி, ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். இப்போது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 226. ஆம்ப் உறுமல் நின்றது, கம்பியில் சுறுசுறுப்பும் இல்லை. இனி வாரம் ஒரு குடம் என் வேலை.

ஏப்ரல் 20

மீதியிருப்பது பிக்கப் ‘ம்ம்ம்’ மட்டும். எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சை, ரெண்டு பிக்கப் சேரும் 2-லும் 4-லும் வைத்தால் அதுவும் இல்லை: என் கிதாரில் நடு பிக்கப்பின் காயில் எதிர்ப்பக்கம் சுற்றியது, காந்தமும் தலைகீழ். ரெண்டு பிக்கப் சேரும்போது கம்பியின் ஒலி கூடுகிறது, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. 1955-இல் கிப்சன் கிதார் கம்பெனியில் இருந்த செத் லவர், ரெண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கர் பிக்கப்பில் செய்ததும் இதே வேலைதான். எனக்குப் பிடித்த டோன் என்னவோ ஒற்றை பிக்கப் மட்டும் ஒலிக்கும் 1-இல் இருக்கிறது. அதற்கு நாற்காலியின் காலடியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன், ஜன்னலைப் பார்த்து.

இன்று தறிக்கு லீவு. கோடு தேவைப்படவில்லை.