டீசல் எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால்

பாம்பன் ரயில் பாலம் எப்போது திறக்கும் என்று பாய்மர யாட்டுகள் நங்கூரம் போட்டுக் காத்துக்கிடப்பதை இந்தப் பக்கத்து ஆட்கள் பார்த்திருப்பீர்கள். பாய் இருந்தாலும் கால்வாய்க்குள் நுழையும்போது எஞ்சின் போட்டுத்தான் வர வேண்டும், நீரோட்டம் அப்படி. அந்த மாதிரிப் படகுகளில் இப்போது டீசலைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் வைக்கிறார்கள். நம் ஊரில் சுற்றுலாப் படகு ஓட்டும் நண்பர்களும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள், எல்லோரும் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம் என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, எவ்வளவு வேகத்தில் எவ்வளவு தூரம் போகணும்?

கணக்கைப் பாருங்கள். 1 லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சக்தி இருக்கிறது, கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு புரொப்பல்லர் தண்டுக்கு வந்து சேர்ந்தாலே பெரிய விஷயம், மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். இந்தப் பக்கம் 280 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 16-ஐத் தொடராகக் கோத்தால் 51.2 வோல்ட், சுமார் 14 யூனிட். செல்களின் எடையே 80 கிலோவுக்கு மேல். அவ்வளவு எடையும் சேர்ந்து நாலைந்து லிட்டர் டீசல் செய்கிற வேலையைத்தான் செய்யும்.

அப்புறம் எதற்கு இது என்றால், வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். 30 அடிப் பாய்ப்படகு ஒன்று 4 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 4 கடல் மைல், போக அமைதியான கடலில் 2 கிலோவாட் அளவில் போதும், அதையே 6 நாட்டில் விரட்டினால் 8 கிலோவாட் வரை கேட்கும். பேட்டரியில் 11 யூனிட்டை மட்டும் செலவழிக்கிறோம் என்று வையுங்கள், மெதுவாகப் போனால் 20 கடல் மைலுக்கு மேல், விரட்டினால் 8 மைல்தான். கச்சான் காற்று எதிரே அடிக்கும் நாளில் இதிலும் பாதி கழித்துக்கொள்ளுங்கள். பாய் இருக்கிற படகுக்கும், பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்குப் போய் வருகிற சுற்றுலாப் படகுக்கும் இது தாராளம். இரவெல்லாம் வலை இழுக்கிற விசைப்படகுக்கு இன்றைய நிலையில் சரிப்படாது, அதில் இதைப் போடச் சொல்லி யாரிடமும் நான் சொல்ல மாட்டேன்.

மண்டபத்தில் ஒரு மூத்த படகோட்டி கேட்டார், "தம்பி, நடுக்கடல்ல நின்னுட்டா யார்ட்ட போய் சார்ஜ் கேக்க?" நியாயமான பயம். டீசல் தீரும்போது எஞ்சின் இருமி இருமித்தான் நிற்கும், லித்தியம் பேட்டரியில் அந்த முன்னறிவிப்பு கிடையாது. ஒரு செல்லின் வோல்டேஜ் எல்லைக்குக் கீழே இறங்கினால் போதும், உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். என்கிற பேட்டரிக் காவல் சர்க்யூட் மொத்தத்தையும் பட்டென்று துண்டித்துவிடும். அது பாலத்துக்கு அடியில் நடந்தால் என்ன ஆகும்? அதனால் 20 சதவீதத்திலேயே அலறுகிற அலாரம், ஒன்று போனால் மற்றொன்று ஓடுகிற மாதிரி தனித்தனி பி.எம்.எஸ். வைத்த இரண்டு பேட்டரிகள், வி.எச்.எஃப். ரேடியோவுக்கும் விளக்குக்கும் வேறாக ஒரு 12 வோல்ட் பேட்டரி, இந்த மூன்றிலும் காசு பார்க்காதீர்கள். ஒயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும், வீட்டுக்குப் போடுகிற வெறும் செம்பு ஒயர் உப்புக்காற்றில் சீக்கிரமே களிம்பேறி, 100 ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்புதான் முதலில் சுடும். பேட்டரிப் பெட்டி எஞ்சின் உட்கார்ந்திருந்த இடத்திலேயே தாழ்வாக உட்கார வேண்டும், இல்லையென்றால் படகின் சமநிலை மாறிவிடும்.

கேரளாவில் வைக்கம் – தவணக்கடவு பாதையில் 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' சோலார் படகு 2017-இல் இருந்து ஓடுகிறது. அது காயல், அலை கிடையாது, உண்மைதான். ஆனால் வெயிலில் நாம் குறைந்தவர்களா, கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையமே இருக்கிறது. கூரையில் 1 கிலோவாட் பேனல் போட்டால் நல்ல வெயில் நாளில் 4 யூனிட் வரும்.

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளமும் கடற்புல்லும் இருக்கிற தண்ணீரில் எண்ணெய் படலம் மிதப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தீவுக்கு ஆள் ஏற்றும் படகுகளை முதலில் மாற்றுங்கள், தூரம் குறைவு, ராத்திரி முழுக்கக் கரையில்தான் கிடக்கின்றன. படகுத் துறையில் உப்புத்தண்ணீர் புகாத சார்ஜிங் பெட்டி, சரியான எர்த்துடன், நாலு இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். படகின் நீளம், எடை, தினம் ஓடும் தூரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பேட்டரிக் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.