கோயில் தொட்டியும் நான்காவது போர்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி இல்லாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலின் தண்ணீர்த் தொட்டிக்கு நான் செய்து கொடுத்த கருவி அந்த 2 மாதங்களுக்குள் 3 போர்டுகளைப் பலி வாங்கியது. ஜூனில் மாட்டிய நான்காவது போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவி எளியது. தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்ச். அங்கிருந்து 45 மீட்டர் கேபிள் மடப்பள்ளிக் கூரையோரமாக ஓடி, சாமான் அறையில் இருக்கும் ஈஎஸ்பி32 போர்டுக்கு (கருவியை இயக்கும் சிறு கணினிப் பலகை) வருகிறது. தொட்டி நிறைந்ததும் போர்டு இயக்கும் சுவிட்சான ரிலே பம்பை நிறுத்தும். இரவில் பம்பை அணைக்க மறந்து, விடிவதற்குள் பின்பக்கத்துச் செம்பனைகளுக்கெல்லாம் நீர் பாய்ச்சிய அனுபவம் பலமுறை ஆனதால் குருக்கள் கேட்டுக்கொண்டது இது.

முதல் போர்டுக்குப் பாதுகாப்பு எதுவும் வைக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாவது முறை, இடி மின்சாரக் கம்பி வழியாகத்தான் வந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, பிளக் பக்கத்தில் மின்னெழுச்சியை விழுங்கும் 14டி431கே வேரிஸ்டர் ஒன்றை வைத்தேன். இது துத்தநாக ஆக்சைடு மணிகளை வில்லையாகச் சுட்டது. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் வழிவிட்டுவிடும். வில்லையின் கனம் வோல்ட்டைத் தீர்மானிக்கிறது, அகலம் எவ்வளவு மின்னோட்டத்தை விழுங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 431 என்பது 43க்குப் பின் 1 சுழியம், அதாவது 430 வோல்ட். நம் 230 வோல்ட் மின்சாரத்துக்குப் பொருத்தம். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் நலிந்து, கடைசியில் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும் என்பதால் முன்னால் ஃபியூஸ் இல்லாமல் இதை யாரும் வைக்க வேண்டாம்.

10 நாளில் போர்டு மறுபடியும் செத்தது. வேரிஸ்டர் புதுசு போல இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், மிதவைக் கேபிள் வந்து சேரும் போர்டின் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3 ஓம்தான், அதாவது அந்தக் கால் உள்ளே எரிந்து ஷார்ட் ஆகிவிட்டது. திருடன் கொல்லைப்புறமாக வந்திருக்கிறான், நான் வாசலில் பூட்டுப் போட்டிருக்கிறேன். பக்கத்து மரத்தில் இடி விழுந்தாலே போதும்; 45 மீட்டர் கேபிள் ஏரியல் போல அதை வாங்கிக்கொள்ளும்.

"தம்பி, அம்மனுக்கே இந்தக் கருவி பிடிக்கவில்லையோ?" என்றார் குருக்கள்.

"அம்மனுக்குப் பிடிக்காதது என் கம்பி வேலை, ஐயா."

மூன்றாவது முறைதான் டி.வி.எஸ். டையோடு. பார்வைக்குச் சாதாரண டையோடு மாதிரிதான். ஆனால் உள்ளே இருக்கும் சிலிக்கான் சந்தி அகலமானது. மின்னெழுச்சி வந்த கணத்தில் பின்திசையில் உடைந்து, அதைத் தன் வழியாகக் கிரவுண்டுக்கு இறக்கிவிடும். வேரிஸ்டரைவிடத் துல்லியமானது. இணையத்தில் பி6கேஇ6.8ஏ பத்து வாங்கினேன். 30 வோல்ட் பவர் சப்ளையையும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்ததில் 8 மட்டும் 6.8ஐ ஒட்டி நின்றன. மீதி 2 உடைந்தது 11 வோல்ட்டில்! மேலே அச்சிட்டிருந்த எழுத்தில் ஒரு குறையும் இல்லை. சோதிக்காமல் ஒட்டாதீர்கள்.

நல்லதில் ஒன்றை எடுத்து, மிதவைக் கேபிள் வந்து சேரும் இடத்தில் ஒட்டினேன். போர்டு அப்படியும் போயிற்று. இந்த முறை கோபம் வந்து, தகவல் தாளை வரிவரியாகப் படித்தேன்.

பி6கேஇ வரிசையில் பெயரோடு வரும் எண் உடையத் தொடங்கும் வோல்ட். எஸ்எம்பிஜே வரிசையிலோ அதே இடத்தில் இருப்பது, டையோடு அசையாமல் தாங்கி நிற்கும் வோல்ட். எஸ்எம்பிஜே5.0ஏ உடையத் தொடங்குவது 6.4 வோல்ட்டுக்கு மேல்தான். இரண்டிலும், அடி விழும்போது பின்னால் இருக்கும் சுற்று உண்மையில் பார்க்கும் எண் வேறொன்று. என்னுடையதில் அது முழு மின்னோட்டத்தில் 10.5 வோல்ட். ஈஎஸ்பி32இன் கால் 3.6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. வீட்டு மேசையில் ரிலே சுருளை அணைத்து அணைத்துத் துடிப்பு உண்டாக்கிப் பார்த்தபோது ஓஸிலோஸ்கோப்பில் 7 வோல்ட்டுக்குள் அழகாக நின்றது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். சுருள் தரும் மின்னோட்டம் எங்கே, இடி தருவது எங்கே? போதாததற்கு டையோடின் கால்களை 10 சென்டிமீட்டர் நீளமாக விட்டிருந்தேன். அவ்வளவு கம்பிக்கு ஏறக்குறைய 0.1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோ விநாடிக்கு 100 ஆம்பியர் வேகத்தில் ஏறினால் அந்தக் கால்களிலேயே இன்னொரு 10 வோல்ட் சேரும்.

இன்னும் குறைந்த வோல்ட்டில் அடக்கும் டையோடு தேடுவதை அத்தோடு விட்டேன். மிஞ்சி வரும் வோல்ட்டைத் தாங்கும் பொருளைப் பின்னால் வைத்தால் என்ன என்று தோன்றியது.

மிதவைக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் ஒன்று வைத்து, அதன் மைனஸை எர்த்தில் இணைத்தேன். கேபிளின் இரு கம்பிகளும் சாமான் அறைக்குள் நுழையும் இடத்தில் 3 கால் வாயுக் குழாய், 90 வோல்ட்டுடையது. உள்ளே இருக்கும் வாயு பற்றிக்கொண்டால் பெரிய மின்னோட்டத்தை எர்த்துக்கு இறக்கும், ஆனால் மெதுவான ஆள். எழுச்சி வேகமாக ஏறினால் சில நூறு வோல்ட் தாண்டிய பிறகே விழிக்கும். அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் 47 ஓம், 2 வாட், கம்பி சுற்றிய ரெசிஸ்டர். இதை விட்டுவிட்டால் டையோடு முதலில் பாய்ந்து வோல்ட்டை அமுக்கிவிடும், குழாய் பற்றாமலே இருக்கும், அடி முழுவதும் டையோடு தலையில் விழும். அதன் பிறகு பி6கேஇ18ஏ, இந்த முறை கால்கள் ஒட்ட வெட்டப்பட்டு. கடைசியாக 2.2 கிலோ ஓம், பிசி817 ஆப்டோகப்ளர் (உள்ளே இருக்கும் எல்.இ.டி.யின் வெளிச்சத்தால் மட்டும் மறுபக்கத்துக்குச் சேதி சொல்லும் சில்லு), அதன் எல்.இ.டி.க்குக் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டையோடு.

பி6கேஇ18ஏ விட்டுவைப்பது அதிகபட்சம் 25.2 வோல்ட். அதை 2.2 கிலோ ஓம் வழியாக அனுப்பினால் எல்.இ.டி.க்குப் போவது 11 மில்லி ஆம்பியர். அது 50 வரை தாங்கும். போர்டுக்கு வந்து சேருவது வெளிச்சம் மட்டும்.

மிதவையை, தொட்டி நிறைந்தால் சுற்று திறக்கும்படி மாற்றினேன். கேபிள் அறுந்தாலும் டையோடு குறுகிப்போனாலும் (ஷார்ட் ஆனாலும்) பம்பு நிற்கும், தண்ணீர் வழியாது.

நவம்பரில் ஒரு காலை பம்பு ஓட மறுத்தது. முந்தின நாள் மாலை நல்ல இடி. 47 ஓம் ரெசிஸ்டர் தொட முடியாத சூட்டில் இருந்தது. திரும்பி வரும் கம்பியின் டி.வி.எஸ். டையோடு இரு பக்கமும் 0 ஓம் காட்டியது. செத்தால் இவை பெரும்பாலும் இப்படித்தான் குறுகிச் சாகும். போர்டுக்கு ஒன்றும் இல்லை. டையோடை மாற்ற 15 நிமிடம் ஆனது. அபிஷேகத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் எர்த் கம்பியின் பிடி துருவேறிக் கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். வரும் சனிக்கிழமை பித்தளைப் பிடி மாட்ட வேண்டும்.