மூக்கு, தோல், துண்டு: எம்.ஆர்.எஸ்.ஏ. நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

“ஏதோ பூச்சி கடிச்சிருச்சு” என்று காட்ட வருகிற சிவந்த கட்டிகளில் பலவற்றுக்கும் பூச்சிக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், பின்கழுத்து, சவரம் செய்த இடம் என்று முடியும் உராய்வும் வியர்வையும் சேர்கிற இடங்களில் வரும். சுற்றிலும் சூடு, நடுவில் மஞ்சள் முனை, அளவுக்குப் பொருந்தாத வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் முதலில் தோலிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃப் (ஸ்டாஃபிலோகாக்கஸ்) என்ற பாக்டீரியாக் கிருமியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அது சாதாரண ஸ்டாஃபா, மெத்திசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கும் அதன் இனத்துக்கும் அடங்காத ஸ்டாஃபான எம்.ஆர்.எஸ்.ஏ.வா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

விரல் நுனியால் லேசாக அழுத்தும்போது நடுவில் தளதளவென்று இருந்தால் உள்ளே சீழ் சேர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, கத்தி. கீறி, சீழை வெளியேற்றி, உள்ளே இருக்கும் தடுப்பறைகளை உடைத்துவிட வேண்டும். சீழ்க்கட்டியின் சுவருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மருந்து உள்ளே போய்ச் சேர்வது கடினம். சேர்ந்தாலும், அங்கே பெருகாமல் சும்மா கிடக்கும் கிருமியைப் பல மருந்துகள் தொடுவதில்லை. கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. செத்த செல்களிலிருந்து கசியும் தைமிடின் என்ற டி.என்.ஏ. மூலப்பொருளைக் கிருமி எடுத்துக்கொண்டு, அந்த மருந்து போட்ட தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சீழை எடுத்துவிட்டால் அந்தத் தீனியும் போய்விடுகிறது.

அப்படியானால் மாத்திரையே வேண்டாமா? 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 5 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான கட்டிகளைக் கீறியபின் சிலருக்கு வெற்று மாத்திரையும் சிலருக்கு உண்மையான மருந்தும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 68.9 விழுக்காட்டினர் குணமானார்கள். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 83.1, கோட்ரைமாக்ஸசோல் பெற்றவர்களில் 81.7. மருந்தால் பயன் இருக்கிறது. ஆனால் பெரும்பங்கு வேலையைக் கத்தியே முடித்துவிட்டது. வீட்டில் பிதுக்குவது கீறுவதற்கு ஈடாகாது. பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைவிட உள்பக்கம் பரவுவதே அதிகம். மூக்கு, மேலுதட்டுப் பகுதிக் கட்டியில் கை வைக்கவே கூடாது. அங்கிருக்கும் ரத்தக்குழாய்கள் மூளைப் பக்கம் வடிகின்றன.

மார்ச் 5, புதன்

கீறுகிற அன்றே சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை) அனுப்ப வேண்டும், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன். மேற்பரப்பைத் துடைத்தெடுத்த பஞ்சு தோலில் குடியிருக்கும் கிருமிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். ரிப்போர்ட்டில் மூன்று பெயர் இருக்கும், எது குற்றவாளி என்று தெரியாது. மேலே உப்பு நீரால் கழுவித் துடைத்துவிட்டு, ஊசியால் உறிஞ்சிய சீழோ, கீறிய குழியின் ஆழத்திலிருந்து எடுத்ததோ போக வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் பலர் செய்கிற வேலை: ‘எஸ்’ (கிருமி மருந்துக்கு அடங்கும்) என்று போட்ட மருந்துகளின் பக்கத்தில் இருக்கும், கிருமியை நிறுத்தத் தேவையான அளவைக் காட்டும் எண்களில் மிகச் சிறியதைத் தேடி, அதுதான் வீரியமான மருந்து என்று முடிவு கட்டுவது. ஒரு மருந்தின் எண்ணை இன்னொரு மருந்தின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. ஒவ்வொன்றுக்கும் எல்லைக்கோடு வேறு. எஸ்-ஆ, ஆர்-ஆ (அடங்காது) என்பதைப் பார்த்தால் போதும்.

பார்க்க வேண்டிய முதல் வரி செஃபாக்ஸிட்டின். இந்த மருந்தைக் கொடுப்பதற்காகச் சோதிப்பதில்லை. மெத்திசிலின் எதிர்ப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதற்காகச் சோதிக்கிறார்கள். கிருமி வளர்க்கும் தட்டில் 30 மைக்ரோகிராம் மருந்து ஏற்றிய காகித வட்டை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வெளி 21 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் எம்.ஆர்.எஸ்.ஏ. அந்த ஒரு வரி ஆர் என்றால் பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோபெனம் வகைகள் அத்தனையும் கணக்கில் இல்லை (செஃப்டரோலின் போன்ற ஓரிரண்டு மட்டும் விதிவிலக்கு). வேறு வரியில் ஏதாவது செஃபலோஸ்போரினுக்கு எஸ் என்று அச்சாகியிருந்தாலும் நம்பக் கூடாது.

இரண்டாவது, கிளிண்டாமைசின். தட்டில் எரித்ரோமைசின் வட்டையும் கிளிண்டாமைசின் வட்டையும் 15 முதல் 26 மி.மீ. இடைவெளியில் வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால், கிளிண்டாமைசினைச் சுற்றிய தெளிந்த வட்டம் எரித்ரோமைசின் இருக்கும் பக்கம் மட்டும் தட்டையாக வெட்டியது போல, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் நிற்கும். மற்ற மூன்று பக்கமும் அழகான வளைவு. அந்தத் தட்டை விளிம்பு சொல்வது இதுதான்: கிருமியிடம் எதிர்ப்பு மரபணு இருக்கிறது, இப்போது தூங்குகிறது, எழுப்பினால் எழும். ‘டி-டெஸ்ட் பாசிட்டிவ்’ என்றால் கிளிண்டாமைசின் பாதிக் கோர்ஸில் கைவிடக்கூடும். ரிப்போர்ட்டில் டி-டெஸ்ட் வரியே இல்லாமல் கிளிண்டாமைசினுக்கு எஸ், எரித்ரோமைசினுக்கு ஆர் என்று வந்திருந்தால் ஆய்வகத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

மார்ச் 8, சனி

அமாக்ஸிசிலினோடு கிளாவுலனேட் சேர்த்த மாத்திரையை ‘ஸ்ட்ராங்’ என்று நம்பி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. கிளாவுலனேட் தடுப்பது பென்சிலினை உடைக்கும் நொதியை. எம்.ஆர்.எஸ்.ஏ.வின் தந்திரம் அது மட்டுமில்லை. மெக்-ஏ என்ற மரபணு மூலம், பென்சிலின் போய் ஒட்ட வேண்டிய புரதத்துக்குப் பதிலாக ஒட்டவிடாத இன்னொரு புரதத்தைச் செய்துகொள்கிறது. பூட்டையே மாற்றிவிட்டவனிடம் பழைய சாவியை எத்தனை முறை திருப்பினாலும் கதவு திறக்காது. மெத்திசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. 1961இலேயே இங்கிலாந்தில் எதிர்ப்புக் கிருமி பதிவாகிவிட்டது.

வாய்வழி மருந்துகளில் கைகொடுப்பவை கோட்ரைமாக்ஸசோல், டாக்ஸிசைக்ளின், டி-டெஸ்ட் நெகட்டிவ் என்றால் கிளிண்டாமைசின், கடைசியாக லினிசோலிட். மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எழுதும்போது அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை உண்டு. கோட்ரைமாக்ஸசோல் என்றால் சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் குறைபாடு, ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்டன் வகை மாத்திரை (ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்), வார்ஃபரின், மெத்தோட்ரெக்ஸேட், கர்ப்பம். டாக்ஸிசைக்ளினை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட் ஆகியவற்றை அதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் ஏறாது. லினிசோலிட் இரண்டு வாரத்தைத் தாண்டினால் தட்டணுக்கள் குறையக்கூடும், வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கை எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்குத் தனியாக ஒருபோதும் கொடுப்பதில்லை. ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும், கிருமி தப்பிவிடும்.

மார்ச் 12, புதன்

கீறிய புண்ணைக் கவனிக்கிற முறை. கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவுங்கள். கையுறை. பழைய கட்டை எடுத்துக் கையுறையோடு சேர்த்துப் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். மறுபடி கை கழுவிப் புதுக் கையுறை. ஒரே கையுறையால் பழையதை எடுத்துப் புதியதை வைப்பதுதான் அதிகம் நடக்கிற தவறு. உப்பு நீரோ, குழாய்ச் சுத்த நீரோ ஊற்றிக் கழுவலாம். ஹைட்ரஜன் பெராக்ஸைடு, ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம்; புதிதாக வளரும் தசையைத்தான் அவை அரிக்கும். மேலே காஸ் துணி, நான்கு பக்கமும் ஒட்டு. காஸ் நனைந்து வெளியே ஊறிவிட்டால் அது மூடிய புண் ஆகாது. நேரம் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். மூடிய, கசியாத புண்ணோடு வேலைக்கும் பள்ளிக்கும் போகலாம். உடம்போடு உடம்பு மோதுகிற விளையாட்டும் நீச்சல்குளமும் ஆறும்வரை கூடாது.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் மணியும் எழுதி வைப்பது எளிய நல்ல வழக்கம். கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஓடினாலோ, காய்ச்சல், குளிர்நடுக்கம் வந்தாலோ, சிவப்புக் கீற்று மேல்நோக்கி ஏறினாலோ அன்றே போக வேண்டும். கட்டி ஆறிச் சில வாரங்களில் காரணம் தெரியாத கடும் முதுகுவலியும் காய்ச்சலும் வந்தால் பழைய கட்டியைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டாஃப் ரத்தத்தின் வழியாக முதுகெலும்பில் போய் உட்கார்கிற கிருமி.

மார்ச் 15, சனி

திரும்பத் திரும்பக் கட்டி வருகிறவருக்கு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை. கிருமி குடியிருக்கும் இடத்தைக் கலைக்க வேண்டும். ஏறத்தாழ 100 பேரில் 30 பேர் மூக்கில் ஸ்டாஃபைச் சுமக்கிறார்கள், நோய் ஏதும் இல்லாமல். அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. சிறு பங்குதான். மூக்கு மட்டுமில்லை, தொண்டை, அக்குள், தொடையிடுக்கிலும் இருக்கும். மூக்குப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் உடம்பில் எங்கும் இல்லை என்று ஆகாது.

ஒரே ஒரு கட்டி வந்து ஆறிவிட்டால் இந்தக் கலைப்பு வேலை தேவையில்லை. கட்டும் கை சுத்தமும் சரியாக இருந்தும் மறுபடி வருகிறது, அல்லது வீட்டில் ஒருவருக்கடுத்து ஒருவருக்கு வருகிறது என்றால் தேவை. செய்தால் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே ஐந்து நாட்களில் செய்ய வேண்டும். 2012இல் வெளியான ஆய்வில், நோயாளி மட்டும் செய்த வீடுகளில் ஓராண்டுக்குள் 72 விழுக்காட்டு நோயாளிகளுக்குத் தோல் தொற்று திரும்பியது. வீடே சேர்ந்து செய்தபோது 52. பாதிக்கு மேல் அப்போதும் திரும்புகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கலைப்பு கிருமிக்கு நிரந்தர முடிவு கட்டாது, இடைவெளியை நீட்டும். திறந்த புண் ஆறிய பிறகு தொடங்குவதே உருப்படியான வழி.

மார்ச் 17, திங்கள்

ஐந்து நாள் முறை. மூக்குக்கு 2 விழுக்காடு முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, காலை, இரவு. தோலுக்கான ஆயின்மென்டில் பாலிஎதிலீன் கிளைக்கால் இருக்கும், மூக்குக்குள் எரியும். பாரஃபின் அடிப்படையில் செய்த மூக்குக் களிம்பு தனியாக உண்டு. தீக்குச்சித் தலை அளவு போதும். பஞ்சு முனையில் எடுத்து, துவாரத்தின் முன்பகுதி உட்சுவரில் தடவ வேண்டும், ஆழத்துக்குத் தள்ளக் கூடாது. அடுத்த துவாரத்துக்குப் புதுப் பஞ்சு. பிறகு மூக்கின் இரு பக்கத்தையும் விரலால் அமுக்கி, விட்டு, அமுக்கி, ஒரு நிமிடம். நெற்றிப்பொட்டு அளவுக்கு அள்ளிவைத்தால் தொண்டைக்குள் வழியுமே தவிரக் கூடுதல் பலன் கிடையாது. ஒருவருக்கு ஒரு ட்யூப். ஐந்து நாளுக்குமேல் ‘இருக்கட்டும்’ என்று தொடர்ந்தால் முபிரோசினுக்கும் எதிர்ப்பு வந்துவிடும்.

உடம்புக்கு 4 விழுக்காடு குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினித் திரவம், தினம் ஒருமுறை. முதலில் வழக்கமான சோப்பால் குளித்து அதை முழுக்க அலசிவிட வேண்டும். சோப்பு மிச்சமிருந்தால் குளோர்ஹெக்ஸிடின் செயலிழந்துவிடும். ‘போட்டும் பலனில்லை’ என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்ணீரை நிறுத்திவிட்டு, தாடைக்குக் கீழே எல்லா இடமும், அக்குள், தொப்புள், இடுக்கு, விரலிடைகளிலும் தேய்த்து, 2 நிமிடம் விட்டு, பிறகு அலசுங்கள். கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கும், காதுக்குள் போனால் கேட்கும் திறன் கெடும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். குளித்ததும் அதே நாள் துவைத்த துண்டு, துவைத்த உடை. ஐந்து நாளும் துண்டு தினம் மாற வேண்டும், தலையணை உறையும் படுக்கை விரிப்பும்கூட.

துண்டில் ஒரு வினோதம். குளோர்ஹெக்ஸிடின் பட்ட துணியைக் குளோரின் ப்ளீச்சில் ஊறவைத்தால் திட்டுத்திட்டாகப் பழுப்பு ஏறும். வெள்ளைத் துண்டில் துடைத்த கையின் வடிவம்கூடத் தெரியும். அழுக்கு என்று நினைத்து இன்னும் ப்ளீச் ஊற்றினால் கறை இன்னும் அழுத்தமாகும், போகவே போகாது. அந்த ஐந்து நாள் துணிக்குச் சாதாரணத் துவைப்புத்தூளும் 60 டிகிரி வெந்நீரும் போதும். நன்றாகக் காய வேண்டும்.

மார்ச் 26, புதன்

குளோர்ஹெக்ஸிடின் ஒவ்வாதவர்களுக்கு ப்ளீச் குளியல். நறுமணம் சேர்க்காத, 6 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் 120 மி.லி., தண்ணீர் 150 லிட்டர். அதே விகிதத்தில் 20 லிட்டருக்கு 16 மி.லி. கண்ணால் ஊற்றாமல் அளவுக்குப்பியில் அளக்க வேண்டும். கழுத்துவரை 10 நிமிடம் இருந்துவிட்டு, நல்ல நீரில் அலசி, ஈரப்பதக் களிம்பு தடவ வேண்டும். வாரம் இரு முறை. வெடிப்பும் புண்ணும் நிறைந்த தோலில் எரியும்.

பரப்புகளுக்கு 5 விழுக்காட்டுத் திரவம் 10 மி.லி., தண்ணீர் 1 லிட்டர். தினம் புதிதாகக் கலக்க வேண்டும், நின்றால் வீரியம் இறங்கும். அழுக்கை முதலில் சோப்பு நீரால் துடைத்துவிட்டுத்தான் இதைப் பூச வேண்டும். பூசியதும் ஒற்றி எடுக்காமல் 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். அமிலக் கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சுவரையும் தரையையும் தேய்ப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். தோல் படுகிற கதவுப்பிடி, குழாய்த்திருகு, ரிமோட், கைபேசி, கழிப்பறை இருக்கை, இவைதான் முக்கியம். சவரக்கத்தி, துண்டு, நகவெட்டி, சோப்புக் கட்டி ஆளுக்கொன்று. களிம்பு டப்பாவில் விரலை விடாதீர்கள். அழுத்தி வருகிற பம்ப் குப்பி நல்லது.

ஏப்ரல் 4, வெள்ளி

அறுவை சிகிச்சை இருக்கிறது என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்ததை நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஐந்து நாள் கலைப்பை அறுவைக்கு முன் முடிக்க அவகாசம் கிடைக்கும். தடுப்பு மருந்தாக, நரம்பில் ஏற்றும் வான்கோமைசின் சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கும் நேரம் வேண்டும். மற்ற மருந்துகளைப் போல ஒரே தள்ளாகத் தள்ள முடியாது. 1 கிராமை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். அதனால் கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் தொடங்குகிறார்கள்.

கைபேசியில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ள வேண்டியவை: கல்ச்சர் எடுத்த தேதி, எந்த இடத்துச் சீழ், எஸ் வந்த மருந்துகள், டி-டெஸ்ட் முடிவு, ஒவ்வாத மருந்து, கடைசியாக ஐந்து நாள் முறை முடித்த தேதி, எத்தனை முறை முபிரோசின் போட்டாயிற்று என்ற எண்ணிக்கை. ரிப்போர்ட்டின் படத்தையும் சேர்த்து வைத்தால் புது மருத்துவருக்கு விளக்கம் தேவைப்படாது.