யன்னலோரத்து நாற்றுமேடை

மார்ச் 10, 2024, ஞாயிறு

இன்று அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியாயிற்று. மே 20 இலிருந்து விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன். பத்து வாரமும் ஒரு நாளும். ரொறன்ரோவில் விக்ரோரியா தின வார இறுதிக்கு முன்னர் மிளகாய்க் கன்றை வெளியே வைப்பவருக்கு உறைபனி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. ஆகவே மிளகாய்க்கும் கத்தரிக்கும் இன்றே நாள்.

தென்னந்தும்புத் தூள் கட்டி ஒன்றை இவர் வாளியில் போட்டு இளஞ்சூட்டு நீர் ஊற்றினார். செங்கல் போல் இருந்தது பொங்கி எழுந்து வாளி நிறைந்துவிட்டது. உறையில் ‘இலங்கைத் தயாரிப்பு’ என்றிருந்தது. ஈரத் தும்பின் மணம் குசினி முழுவதும். எத்தனை நாளுக்குப் பிறகு ஒரு மணம் எனக்குக் குமட்டாமல் இருந்திருக்கிறது!

தாதி சொன்னபடி கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டேன். மண்ணிலிருக்கும் பூஞ்சணம் இப்போது எனக்குக் கூடாதாம். மிளகாய் விதையை விரல் நுனி உணரவே இல்லை. பல்லுக்குச்சியின் நுனியை நனைத்து, விதையை ஒற்றி எடுத்து, குழிக்கு ஒன்றாக இறக்கினேன். அரைச் சென்ரிமீற்றர் ஆழம். மிளகாய் பன்னிரண்டு, கத்தரி பன்னிரண்டு. தட்டுகள் இரண்டும் குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஏறின. வீட்டில் எப்போதும் கதகதப்பாக இருக்கும் இடம் அது.

மார்ச் 14

கீமோ மூன்றாவது சுற்று.

மார்ச் 17

எழும்ப முடியவில்லை. தொடையெலும்புக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுவது போல. வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்கிறார்கள்.

இரண்டு வெப்பமானிகள் இருக்கின்றன. ஒன்று என் நாக்குக்குக் கீழே, மற்றது மிளகாய்த் தட்டில். எனக்கு 37.4. மண்ணுக்கு 22. நான் 38 ஐத் தொட்டால் அவசரப் பிரிவுக்கு ஓடவேண்டும். மண் 27, 28 ஐத் தொடாவிட்டால் மிளகாய் சீக்கிரம் அசையாது. ஒன்று ஏறக் கூடாது, ஒன்று ஏறவேண்டும். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதி வருகிறேன்.

மார்ச் 18

எனக்கு 37.1. மண் 22. மகள் சூட்டு விரிப்பு ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் 22, வெள்ளி

வந்துவிட்டது!

காலை ஆறு மணிக்குக் கைவிளக்கோடு போனேன். நாலாம் குழியில் தும்புத்தூள் ஓரிடத்தில் மெல்ல மேடிட்டிருந்தது. அதன் கீழே ஒரு வெள்ளை வளைவு. முழங்கால் மடித்துக் குந்தியிருக்கும் பிள்ளையின் முதுகு போல. தளிர் நேராகத் தலையை நீட்டி மண்ணைக் கிழிப்பதில்லை. நுனி நொந்துபோகும் என்பதால், வளைந்த முதுகால் மண்ணைத் தள்ளித் திறந்துகொண்டு, பிறகுதான் தலையை வெளியே இழுக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், ஊரில் ஆயிரக்கணக்கில் நாற்றுப் பார்த்தவள் நான். இருந்தும் நின்று அழுதேன். நல்ல அழுகை.

இவரை எழுப்பிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்து, “வடிவாக இருக்கிறது” என்றார்.

பின்னேரம் பார்த்தபோது இரண்டு விதையிலைகளும் விரிந்திருந்தன. ஒன்றின் நுனியில் மட்டும் விதைத்தோல் தொப்பியாக ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு துளி நீர் வைத்து அரை மணி நேரம் பொறுத்திருந்தேன். தானாகக் கழன்று விழுந்தது.

மார்ச் 26

மிளகாய் பதினொன்று. கத்தரி ஒன்பது. விளக்குக் குழாயை நாற்றுக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம். உயரத்தில் மாட்டினால் ஒளியைத் தேடி நூலாக நீண்டுவிடும். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை எரிகிறது. இரவில் தண்ணீர் குடிக்க எழும்பினால் அந்த அறைப் பக்கம் போய்விடுகிறேன்.

ஏழாம் குழி வெறுமை.

மார்ச் 30

தக்காளி போட்டேன். பதினாறு.

ஐயாவின் நாற்றுமேடை இன்று முழுவதும் கண்ணுக்குள் நிற்கிறது. 1970களில் அரசு வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் நிறுத்தியபோது யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்கள் எல்லாம் மிளகாயாகவே நின்றன. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. மேடையைத் தட்டிச் சமன் செய்து, சாம்பலில் பிரட்டிய விதையைத் தூவி, வைக்கோல் பரப்பி, வெயிலுக்குக் கிடுகு கட்டுவார். பூவாளியால் காலையும் மாலையும் தெளிப்பது என் வேலை. எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகாமல் பார்ப்பது தம்பியின் வேலை. ஐயா கிடுகைத் தூக்கி உள்ளே பார்க்கும் முகம் எனக்குத் தெரியும். கோயிலில் திரை விலகும்போது அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

எங்களை ஒருபோதும் கிளறிப் பார்க்க விடமாட்டார். “உள்ளே நடப்பது உனக்குத் தெரியவேண்டியதில்லை” என்பார்.

ஏப்ரல் 1

கிளறிவிட்டேன்.

இருபத்திரண்டு நாள். ஏழாம் குழி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, உறுதிப்படுத்திக்கொள்ளப் பல்லுக்குச்சியால் தோண்டினேன். விதை இருந்தது. அதிலிருந்து வெள்ளை வேர் ஒன்று, அரிசி நீளம், கீழ்நோக்கிப் புறப்பட்டிருந்தது. குச்சி பட்டு அது முறிந்து கிடந்தது. விரலில் உணர்வு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். இல்லை, அதுவும் பொய். பொறுத்திருந்தால் போதும். இன்னும் மூன்று நாள், ஐந்து நாள்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன். இவர் ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

ஏப்ரல் 2

ஏழாம் குழியில் மறுபடி ஒரு விதை.

ஏப்ரல் 4

இன்று இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளையணு எண்ணிக்கை போதாது. ஒரு வாரம் கழித்து வா.

ஏப்ரல் 6

தக்காளி ஏழு நாளில், ஒரே இரவில், பதினான்கு! மிளகாய் நம்மைக் காத்திருக்க வைக்கும், தக்காளி அப்படியில்லை. கதவைத் திறந்ததும் ஓடிவரும் பிள்ளைகள்.

வாய்ப்புண் ஆறிவிட்டது. இரண்டு இடியப்பம் சொதியோடு சாப்பிட்டேன். இந்த வாரம் எனக்கு இனாமாகக் கிடைத்த வாரம். பயந்தேன், ஆனால் உடம்பு நன்றாக இருக்கிறது. தக்காளி நாற்றின் மேல் கையை மெல்ல ஓட்டினால் கையுறையிலும் அந்தப் பச்சை மணம் ஏறிவிடுகிறது.

ஏப்ரல் 8, திங்கள்

சூரிய கிரகணம். நயாகரா முழுமையாக இருண்டதாம். இங்கே ஒரு மயிரிழை குறைவு. முகில் மூடியிருந்ததால் சூரியனைக் காணவில்லை. ஆனால் மூன்று இருபதுக்குப் பகல் அப்படியே கீழே இறங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. குருவிகள் சத்தம் விட்டன. ஊரில் அம்மா தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு உலக்கையை நிறுத்திவைப்பா, அடுப்பு மூட்டமாட்டா.

நாற்றுகளின் விளக்கையும் அணைத்துவிட்டு அவற்றோடு அமர்ந்திருந்தேன். தனியே அவற்றுக்கு மட்டும் பகலாக இருக்கவேண்டாம் என்று தோன்றியது. ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் திரும்பியது.

ஏப்ரல் 11

நாலாவது.

ஏப்ரல் 14, சித்திரை 1

குரோதி வருடம். மகள் மருத்துநீர் கொண்டுவந்தாள். தலையில் வைத்துத் தேய்க்க முடி இல்லை. உச்சியில் தொட்டு வைத்துவிட்டாள். அவள் கை நடுங்கியது. கைவிசேடம் வாங்கினாள். பேரனுக்குத் தக்காளி நாற்றைக் காட்டினேன். “இதற்குள் தக்காளி எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நாள் முழுக்க யோசித்தேன்.

ஏப்ரல் 16

கத்தரி நாற்றுகள் சரிந்து கிடக்கின்றன.

மூன்று நாள் நான் படுக்கையில் இருந்தேன். இவர் அன்பினால் காலையும் மாலையும் மேலிருந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மூடியையும் திறக்கவில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியது போல மெலிந்து, பழுப்பாகி, இலை பச்சையாக இருக்கும்போதே சாய்ந்துவிடுகிறது. நாற்றழுகல். ஒன்பதில் ஆறு போய்விட்டது. மண்ணில் இருக்கும் பூஞ்சணம், ஈரமும் புழுக்கமும் கண்டால் இளம் தண்டில்தான் ஏறும். தாதி எனக்குச் சொன்ன அதே சொல்.

இவர்மேல் சத்தம் போட்டுவிட்டேன். பெரிய சத்தம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சிறிய மின்விசிறியைக் கொண்டுவந்து மெதுவான வேகத்தில் வைத்தார். இனித் தட்டின் அடியில் தண்ணீர் விட்டு, மண் உறிஞ்சியதும் மிச்சத்தை ஊற்றிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பேப்பர் எடுத்து எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். நாலு வரி. எழுத்துப்பிழை இரண்டு. முப்பத்தொரு வருடம் இந்த மனிதரோடு.

ஏழாம் குழியில் வெள்ளை முதுகு தெரிகிறது.

ஏப்ரல் 20

பாகல் ஆறு, புடல் நாலு. சென்ற செப்ரெம்பரில் வேலியில் பழுத்து வெடித்த பாகற்பழத்திலிருந்து எடுத்த விதைகள். சிவந்த சதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டி, கடதாசியில் காயவைத்தேன். அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பெண் எவ்வளவு நிதானமாகக் கழுவியிருக்கிறாள், ஒரு விதைகூட நசியவில்லை.

பாகல் விதை ஆமையோடு போலச் செதுக்கிய விதை. தோல் தடித்தது. நகவெட்டியால் ஓரத்தை ஒரு கிள்ளுக் கிள்ளி, இரவு நீரில் ஊறவைத்து, நாளை ஈரத் தாளில் சுற்றிப் பையிலிட்டுச் சூட்டு விரிப்பில் வைக்கவேண்டும். கொடிகளின் வேருக்கு இடமாற்றம் பிடிக்காது. ஆகவே முதலிலேயே பெரிய சாடி.

ஏப்ரல் 27

தாளை விரித்தேன். பாகலில் ஐந்து முளை. புடலில் இரண்டு. ஒன்றைத் தலைகீழாகப் படுக்க வைத்திருக்கிறேன் போலும். அதன் வேர் மேலே புறப்பட்டு, வழியில் கொக்கியாக வளைந்து கீழே திரும்பியிருந்தது. வேர் நுனியில் மிகச் சிறிய மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை கலத்தின் அடியில் போய்த் தங்குவதைக் கொண்டு வேர் எது கீழே என்று அறிகிறது. இருட்டில், தாளுக்குள், ஒருவரும் சொல்லாமல்.

மே 2

ஐந்தாவது. இன்னும் ஒன்று. அதன் பிறகு ஸ்கான்.

மே 6

தட்டுகளை முதன்முறையாக வெளியே வைத்தோம். நிழலில், ஒரு மணித்தியாலம். நாளை ஒன்றரை. வெயிலையும் காற்றையும் கண்டிராத இலை ஒரே நாளில் வெளிறிக் கருகிவிடும்.

பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் தன் அத்தி மரத்தை வளைத்துக் குழியில் படுக்கவைத்து, பலகையும் மண்ணும் போட்டு மூடிவிடுவார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவார். இந்த வருடமும் நிமிர்த்திவிட்டார். குருத்து வந்திருக்கிறது. என் தலைத்துணியைப் பார்த்தார், நாற்றுகளைப் பார்த்தார். அவர் மிளகாயைப் பற்றி மட்டும் கேட்டது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மே 10, வெள்ளி இரவு

37.8. படுக்காமல் இருக்கிறேன்.

தட்டுகளை உள்ளே எடுக்க மறந்துவிட்டோம் என்று பத்தரைக்கு நினைவு வந்தது. இவரை எழுப்பாமல் போனேன். வானம் இளஞ்சிவப்பு. முதலில் எங்கோ நெருப்பு என்று நினைத்தேன். முகிலுக்கிடையில் திரைச்சீலை போல மங்கலாக ஆடியது. வட துருவ ஒளி, ஸ்காபரோவில்! ஒரு தட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். மிளகாய் இலைகளில் நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை.

மே 11

37.2. அப்பாடா.

மே 19

தக்காளிக்கு ஆழக் குழி. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியைப் புதைத்தால் புதைந்த தண்டு முழுவதும் வேர் விடும். நான் கதிரையில் இருந்து சொல்ல, இவர் தோண்டினார். மிளகாய் பன்னிரண்டும் இறங்கின. ஏழாமது மற்றவற்றில் பாதி உயரம். அதை வரிசைத் தொடக்கத்தில், குசினி யன்னலுக்கு நேரே வைக்கச் சொன்னேன். கத்தரி மூன்று. கொடிகளை வைக்கவில்லை. இரவு 12 பாகைக்கு மேலே நிலைக்க வேண்டும்.

கையுறையைக் கழற்றி ஒரு நொடி மண்ணில் கை வைத்தேன். பிறகு ஓடிப்போய்க் கழுவினேன். எழுதி வைக்கிறேன், யாருக்கும் சொல்லவில்லை.

மே 22

பாகற்சாடியில் குச்சி நட்டு, நூல் கட்டினேன். பற்றுக்கம்பி ஒன்று காற்றில் துழாவிக்கொண்டிருக்கிறது. நூலுக்கும் அதற்கும் ஒரு அங்குலம். நகர்த்தி வைக்கலாம். வைக்கவில்லை.

மே 23, வியாழன்

ஐந்து மணிக்கே விழிப்பு. யன்னலுக்கு வந்தேன். நூலைப் பிடித்துவிட்டது. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனி மூன்றாவதுக்கு வளைகிறது. இவர் காரை வெளியே எடுக்கும் சத்தம் கேட்கிறது.